உதடு சொல்வதும் உள்ளம் சொல்வதும்

"பாதுகாப்பே முதற் கடமை" என்னும் வாசகம் வாயிலில் எழுதப்படாத தொழிற்சாலை இன்று உலகில் அரிது. அவ்வாயிலூடாக நாள்தோறும் புகுந்து வெளியேறும் தொழிலாளியை நிறுத்தி, பாதுகாப்பைக் குறித்து அவன் கருத்து யாதென வினவின், அவனும் அவ்வாசகத்தையே தன் சொற்களால் திருப்பிக் கூறுவான். முகாமையாளரை வினவினும் விடை அதுவே. ஆயினும், சர்வதேசத் தொழிலமைப்பு 2023ஆம் ஆண்டு வெளியிட்ட கணிப்பின்படி, தொழில் காரணமாக விளையும் நோய்களாலும் விபத்துக்களாலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 29 இலட்சத்து 30 ஆயிரம் பேர் உயிர் துறக்கின்றனர். அவருள் விபத்தினால் மாள்வோர் மட்டும் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர். 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவ்வமைப்பு, பாதுகாப்பும் சுகமும் உள்ள தொழிலிடத்தைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

எல்லாரும் பாதுகாப்பை விரும்புவதாகக் கூறும் உலகில் இத்துணை உயிர்கள் மடிவது எங்ஙனம்? சொல்லும் சொல்லுக்கும் கொண்ட மனத்துக்கும் இடையே வெளி உளதோ? உளதாயின் அதனை அளத்தல் கூடுமோ? அளந்தால் அவ்வளவு யாருக்குப் பயன்படும்? கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உளவியலார் இவ்வினாக்களுடன் போராடி வருகின்றனர். தொழிற்சாலைச் செய்தி தமிழ் படிப்பாருக்கு எற்றுக்கு என்று ஒதுக்கிவிடற்கில்லை. சொல்லின் புறத்தே நின்று நெஞ்சின் அகத்தை அறியும் கலை நம் இலக்கண நூலார்க்குப் பழகிய கலையேயாம்.

குறிப்பறிதல்

திருக்குறளிலே ஒரே பெயர் பூண்ட அதிகாரம் இரண்டு இடங்களில் வருதலைக் கற்றோர் அறிவர். "குறிப்பறிதல்" என்னும் பெயருடன் பொருட்பாலில் 71ஆம் அதிகாரமும், காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமும் அமைந்துள்ளன. பின்னையது காதலர் ஒருவர் உள்ளத்தை ஒருவர் அறிவது. முன்னையதோ, அரசனைச் சேர்ந்தொழுகும் அமைச்சன் அரசனது உள்ளக் குறிப்பை அவன் கூறாமலே அறிந்துகொள்வது. இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். குறிப்பறியும் பொறுப்பு மேலோன் மீது சுமத்தப்படவில்லை. அவனுக்குக் கீழ்ப்பட்டு வாழ்வோன் மீதே சுமத்தப்பட்டுள்ளது. அதிகாரம் உடையவன் பிறர் மனத்தைப் படிக்காமலும் வாழ்ந்துவிடலாம். அதிகாரத்தின் கீழ் வாழ்பவனோ மேலோன் மனத்தைப் படிக்காமல் ஒரு நாளும் வாழ இயலாது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, அவற்றுள் ஒன்றாகிய அச்சத்துக்குரிய நிலைக்களங்களையும் நான்காகப் பிரித்துக் காட்டினார். அணங்கு, விலங்கு, கள்வர் என்னும் மூன்றோடு நான்காவதாக அவர் வைத்தது தம் இறையை. உயிருக்கு ஊறு செய்யும் கொடிய விலங்கையும், தன்னை ஆளும் தலைவனையும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்நுண்மை வியத்தற்குரியது. இன்றைய தொழிற்கூடத்திலும் தொழிலாளிக்கு அச்சம் இரண்டு. இயந்திரத்தினால் வரும் அச்சம் ஒன்று. இறையினால் வரும் அச்சம் மற்றொன்று. முன்னையது அவனைக் காக்கும். பின்னையது மிகுமிடத்து, முன்னையதை வாய்விட்டுக் கூறவொட்டாது தடுக்கும்.

வினாக்கொத்தின் அளவு

தொழிலாளர் தம் வாயாற் கூறுவதைத் தொகுத்து அளக்கும் முறையே முதலில் தோன்றியது. 1980ஆம் ஆண்டு இஸ்ரேலிய அறிஞர் டோவ் ஸோஹர், அந்நாட்டின் 20 தொழிற்சாலைகளில் வினாக்கொத்து ஒன்றை வழங்கித் தொழிலாளரின் கருத்தை அளந்தார். ஒரு தொழிற்சாலையில் வீசும் பொதுவான மனநிலையைக் குறிக்க அவர் "பாதுகாப்புக் காலநிலை" என்னும் தொடரை வழங்கினார். அவர் கண்ட உண்மைகளுள் தலையாயது, பாதுகாப்பைக் குறித்து முகாமையாளர் உண்மையில் என்ன மனப்பாங்கு உடையர் எனத் தொழிலாளர் கருதுகின்றனர் என்பதே அக்காலநிலையைப் பெரிதும் நிருணயிக்கின்றது என்பதாகும். உற்பத்தியும் பாதுகாப்பும் முரணும் வேளையில் மேலோர் எதன் பக்கம் நிற்பர் என்பதைத் தொழிலாளி கூர்ந்து பார்க்கின்றான். சுவரில் எழுதியதை அவன் படிப்பதில்லை. முகத்தில் எழுதியதையே படிக்கின்றான். அமைச்சனுக்கு வள்ளுவர் விதித்த குறிப்பறிதலை, இயந்திரத்தின் அருகே நிற்கும் எளிய தொழிலாளி விதிப்பாரின்றியே செய்து வருகின்றான்.

ஆயின், வினாக்கொத்தில் அவன் இடும் அடையாளத்தை எவ்வளவு நம்பலாம்? ஆசிரியராயினார்க்கு இதன் இடர் நன்கு விளங்கும். பாடத்தை முடித்து "விளங்கிற்றா?" என வகுப்பை நோக்கி வினவின், "விளங்கிற்று" என்ற ஒரே குரல் எழும். அவ்விடை பாடத்தைப் பற்றியதன்று, வினவியவரைப் பற்றியது. இவ்வாறு பிறர் மெச்சும் விடையையே கூறும் இயல்பை அளப்பதற்கென 1960ஆம் ஆண்டு கிறௌண், மார்லோ என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் தனி அளவுகோல் ஒன்றையே அமைத்தனர்.

சொல்லும் செயலும் வேறுபடுதற்கு அதனினும் பழைய சான்று ஒன்றுண்டு. 1930ஆம் ஆண்டளவில் றிச்சர்ட் லாபியர் என்னும் அறிஞர் சீனத் தம்பதியர் இருவருடன் ஐக்கிய அமெரிக்காவின் ஊர்களூடாகப் பயணஞ் செய்தார். சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. விடுதிகளும் உணவகங்களுமாக 251 இடங்களை நாடிய அவர்களை ஒரேயோர் இடமே ஏற்க மறுத்தது. பின்னர், சீனரை விருந்தினராக ஏற்பீரோ என அவ்விடங்களுக்குக் கடிதவாயிலாக வினவியபோது, விடையளித்தோருள் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் "ஏலோம்" என்றனர். 1934ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வு, தாளில் எழுதும் விடை வேறு, நேரிற் செய்யும் செயல் வேறு என்பதை ஐயமற உணர்த்திற்று.

வட கடல் தந்த பாடம்

தொழிலிடத்தில் இவ்வேறுபாடு எத்தகைய விலையைக் கேட்கும் என்பதை வட கடல் காட்டிற்று. ஸ்கொத்லாந்தின் அபடீன் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 190 கிலோமீற்றர் தொலைவில் பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடை நின்றது. 1988ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள் இரவு அது வெடித்துத் தீப்பற்றியதில் 167 பேர் மாண்டனர். திருத்த வேலைக்காக ஒரு பம்பியின் காப்பு வாயில் கழற்றப்பட்டிருந்தது. அச்செய்தி இரவு முறைத் தொழிலாளரைச் சென்றடையவில்லை. அவர்கள் அப்பம்பியை இயக்க, கசிந்த வாயு தீப்பற்றிற்று. கழற்றப்பட்ட பொறியை எவரும் இயக்காவண்ணம் எழுத்தில் அனுமதிச் சீட்டு வழங்கும் ஒழுங்கு ஒன்று அம்மேடையில் இருந்தது. ஆனால் ஏட்டில் இருந்தவாறு அது நடைமுறையில் இருக்கவில்லை என்பதை, விசாரணை நடத்திய கலன் பிரபு 1990ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை விரிவாகக் காட்டிற்று. அண்மையில் நின்ற வேறு இரு மேடைகளோ, பைப்பர் எரிவதைக் கண்ட பின்னரும் உடனே எண்ணெய் அனுப்புதலை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு மேலிடத்து ஆணை வேண்டும் என்ற எண்ணமே அங்கு மேலோங்கி நின்றது.

வட கடல் தொழிலாளரிடையே அக்காலத்திற் பரவலாக வழங்கிய செய்தி ஒன்றுண்டு. பாதுகாப்பைக் குறித்துக் குறை கூறும் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயருக்கு எதிரே "திரும்ப வேண்டியதில்லை" எனப் பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துக்கள் இடப்படும். அதன்பின் அவன் கடல்மேடைக்கு ஏறும் வானூர்தியில் அவனுக்கு இடமிராது. இவ்வச்சம் கற்பனையன்று என்பதை 1992ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமே ஒப்புக்கொள்கின்றது. கடல்மேடைகளிற் பாதுகாப்புப் பிரதிநிதிகளாகப் பணிபுரிவோரைப் பழிவாங்கலினின்று காப்பதே அதன் நோக்கமாம். இறையச்சத்தைச் சட்டத்தால் வேலியிட வேண்டிய நிலை அங்கே நேர்ந்தது.

விரல்நுனியின் சாட்சி

இத்தகைய சூழலில், வாய் கூறாததை வேறு வழியால் அறிதல் கூடுமோ என ஆய்வாளர் எண்ணியது இயல்பே. 1998ஆம் ஆண்டு அன்ரனி கிறீன்வால்ட் என்னும் அமெரிக்க உளவியலாரும் அவர்தம் துணைவரும் ஒரு முறையை வெளியிட்டனர். கணினித் திரையில் சொற்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். அவற்றை இரண்டு வகுப்பாகப் பிரித்து, இரண்டு விசைகளில் ஒன்றை அழுத்தல் வேண்டும். மனத்திலே முன்னரே சேர்ந்திருக்கும் கருத்துக்கள் ஒரே விசைக்கு உரியனவாயின் விரல் விரைந்து செல்லும். சேராதவை சேர்க்கப்பட்டாயின் விரல் தயங்கும். அத்தயக்கம் செக்கனின் ஆயிரத்திலொரு கூறு என்னும் நுண்ணளவையால் அளக்கப்படும். சிந்தித்துப் புனைந்து கூறுதற்கு அவகாசமில்லாத கணத்திலே மனம் தன்னை வெளிப்படுத்தும் என்பதே இதன் அடிப்படை. இதனை ஒத்த மற்றொரு முறையும் உண்டு. ஒருவரைக் குறிக்கும் சொல்லையோ படத்தையோ கணநேரம் காட்டி, உடனே நல்லதோ தீயதோ ஆகிய ஒரு சொல்லை வகைப்படுத்தச் சொல்வர். நல்ல சொல்லுக்கு விரல் விரையின், முன்னர்க் காட்டப்பட்டவர்பால் உள்ளம் நன்மனங் கொண்டது என்பர்.

அபடீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்ன்ஸ், மேர்ன்ஸ், மக்ஜோர்ஜ் என்னும் மூவர் பிரித்தானிய எரிவாயு நிலையம் ஒன்றின் தொழிலாளரிடம் இவ்விரண்டாம் முறையைக் கையாண்டு, 2006ஆம் ஆண்டு தம் முடிபுகளை வெளியிட்டனர். உடன் வேலை செய்வோர், மேற்பார்வையாளர், நிலையத்தின் தலைமையாளர் என்னும் முத்திறத்தாரையும் நீவிர் நம்புகின்றீரோ என வினாக்கொத்தில் வினவியபோது, முத்திறத்தாரையும் நம்புவதாகவே தொழிலாளர் விடையிறுத்தனர். விரலின் விரைவை அளந்தபோதோ, உடன் வேலை செய்வோர்பால் மட்டுமே மறைந்த நம்பிக்கை புலப்பட்டது. மேற்பார்வையாளரும் தலைமையாளரும் அந்நம்பிக்கைக்கு வெளியே நின்றனர்.

இதனைக் கொண்டு தொழிலாளர் பொய் கூறினர் என்று துணிதல் தவறு. ஆற அமரச் சிந்தித்து ஒருவன் கூறும் கருத்தும் அவனுடையதே. பன்னாட் பழக்கத்தால் உள்ளத்தில் ஊறிய சாய்வும் அவனுடையதே. அவகாசம் உள்ளபோது முன்னையது ஆளும். அவகாசம் அற்றபோது பின்னையது ஆளும் என்பர் உளவியலார். விபத்தோ அவகாசம் தந்து வருவதன்று. வாயு கசியும் கணத்தில், எச்சரிக்கை மணி ஒலிக்கும் கணத்தில், யார் சொல்லை நம்பி ஓடுவது, யார் சொல்லை ஐயுற்று நிற்பது என்பதை வினாக்கொத்து விடை தீர்மானிப்பதில்லை. மறைந்த மனப்பாங்கைப் பொருட்படுத்த வேண்டியதற்குக் காரணம் இதுவே.

அளவுகோலின் எல்லை

எனினும், புதிய அளவுகோலைக் கண்ட மகிழ்ச்சியில் அதன் குறைகளை மறத்தல் ஆகாது. இம்முறையால் ஒருவரை இன்று அளந்து சில கிழமைகளின் பின் மீண்டும் அளந்தால், இரு அளவுகளும் ஒத்துவரும் என்பதற்கு உறுதியில்லை. விரலின் விரைவு நம்பிக்கையை மட்டும் காட்டுவதுமன்று. நாள்தோறும் காணும் தோழனின் உருவம் பழக்கத்தால் விரைவைத் தூண்டுதலும், ஆண்டுக்கொருமுறை காணும் தலைமையாளரின் உருவம் அந்நியமாய் நின்று தயக்கத்தை விளைத்தலும் கூடும். இம்முறையைத் தந்த கிறீன்வால்ட் தாமே, பனாஜி, நோசெக் என்னும் துணைவர் இருவருடன் 2015ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், தனியொருவரைத் தேர்ந்து முடிவு கட்டுதற்கு இவ்வளவையைப் பயன்படுத்தின் பிழைகள் மிகும் என எச்சரித்தார். பலரை ஒருங்கு வைத்துப் பொதுப்போக்கை அறிதற்கு இது உதவும். ஒருவனைச் சுட்டி "இவன் உள்ளம் கோணிற்று" எனத் தீர்ப்புக் கூறுதற்கு உதவாது.

சொல்லியும் கேளாமை

மறைந்ததை அறியவே இத்துணை முயற்சி. மறையாது சொல்லப்பட்டதன் கதி யாதாயிற்று? இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு அளவுகோல்களைப் பற்றி மட்டும் பேசுதல் நேர்மையாகாது.

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் சிற்றி என்னுமிடத்திலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பில் 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். அதற்குச் சில கிழமைகளின் முன்னரே, அவ்வாலைத் தொழிலாளரின் கருத்தை அறிய வெளியார் ஒருவர் மூலம் நடத்தப்பட்ட ஆய்வு தன் அறிக்கையைக் கையளித்திருந்தது. பெரும் விபத்து நேரும் என்ற அச்சம் தொழிலாளரிடையே அசாதாரணமாக ஓங்கியிருந்ததை அது வெளிப்படையாகவே கூறிற்று. இங்கே மறைந்த மனப்பாங்கு என ஒன்றில்லை. அச்சம் எழுத்திலேறி மேசைக்கு வந்துவிட்டது. விபத்தின் பின் ஆராய்ந்த பேக்கர் குழு 2007ஆம் ஆண்டு கண்ட முடிபு மற்றொன்று. தொழிலாளர் தனித்தனியே அடையும் சிறு காயங்களின் தொகை குறைந்து வந்ததையே, ஆலை முழுவதும் பாதுகாப்பாயிருப்பதற்கு அறிகுறியென நிறுவனம் பிறழக் கொண்டது. கைவிரல் வெட்டுண்டதை எண்ணும் கணக்கில், கோபுரம் வெடிக்கப்போவது தெரியுமோ?

வங்காளதேசத்தின் டாக்காவுக்கு அண்மையிலுள்ள சாவாரில் நிகழ்ந்ததோ இதனினும் கொடிது. 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் றாணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தின் சுவர்களிற் பெரும் வெடிப்புக்கள் தோன்றின. கீழ்த்தளத்தில் இயங்கிய வங்கி தன் ஊழியரை வெளியேற்றிக் கதவைச் சாத்திற்று. மறுநாட் காலை, மேல் மாடிகளில் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் உள்ளே செல்லத் தயங்கினர். கூலி இழக்க நேரும் என்ற அச்சுறுத்தலால் ஏறிச் சென்றனர். கட்டடம் இடிந்து வீழ்ந்தது. இறந்தோர் 1,134 பேர். அத்தொழிலாளரின் உதடு சொன்னதும் உள்ளம் சொன்னதும் ஒன்றே. இயந்திரத்தினும் இடியும் சுவரினும் வலிதாய் அவர்களை ஏற்றிச் சென்றது நான்காம் அச்சம். வங்கியின் ஊழியருக்கும் ஆடைத் தொழிலாளருக்கும் மனப்பாங்கில் வேறுபாடில்லை. மறுக்கும் வலிமையிலேயே வேறுபாடு.

யாரை அளப்பது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று தெளிவாகும். தொழிலாளியின் வாய்ச்சொல்லுக்கும் மறைந்த மனத்துக்கும் இடையே காணும் வெளி, அவனது உள்ளத்தின் கோணலை அளப்பதன்று. மேலோர் ஒன்றைக் கூறி வேறொன்றை விரும்பியதை அவன் எவ்வளவு சரியாகப் படித்துக்கொண்டான் என்பதையே அது அளக்கின்றது. மேலோர் சொல்லும் நெஞ்சும் ஒன்றாய் உள்ள இடத்திற் கீழோர் சொல்லும் நெஞ்சும் பிரிந்து நில்லா. ஆகவே, அளவுகோல் தொழிலாளி மீது வைக்கப்பட்டாலும் அளக்கப்படுவது முகாமையே.

இதனை மறந்து, அளவுகோலையே வேலைக்கு ஆள் தெரியும் சல்லடையாக்குவோமாயின், தீங்கு பெரிதாகும். அவ்வாறு ஆகும் அறிகுறிகள் தோன்றாமல் இல்லை. முகத்தின் சுளிப்பையும் குரலின் நடுக்கத்தையும் கணினிகொண்டு ஆராய்ந்து மனிதரின் உணர்ச்சியை ஊகிக்கும் பொறிகள் இன்று விலைக்கு வருகின்றன. 2024ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், தொழிலிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் அத்தகைய பொறிகளைப் பயன்படுத்தலாகாது எனத் தடை விதித்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் தொட்டு அத்தடை நடைமுறைக்கு வந்தது. மருத்துவத்தின் பொருட்டும் பாதுகாப்பின் பொருட்டும் பயன்படுத்தினால் அத்தடை பொருந்தாது என்பது அதிலுள்ள விலக்கு. களைத்த சாரதி உறங்கிவிடாது காக்கும் கருவிக்கு இவ்விலக்கின் பெயரால் இடம் கேட்பின் யாரும் குறைகூறார். ஆனால் "பாதுகாப்பு" என்னும் அதே சொல்லைக் கேடயமாக்கி, முகாமையை நம்பாத உள்ளம் எதுவெனத் துருவித் தேட முற்படின், முன்னர் வாயை மட்டும் அடைத்த இறையச்சம் இனி விரலையும் விழியையும் அடைத்துவிடும். உள்ளத்தைக் காட்டிய குற்றத்துக்கு வேலை பறிபோகுமெனின், அடுத்த கிழமையே தொழிலாளர் தம் விரலையும் பழக்கிக்கொள்வர்.

அச்சத்தை நீக்கினால் மறைந்தது தானே வெளிவரும் என்பதற்கு வானூர்தித் துறை நல்ல சான்று. ஐக்கிய அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஒழுங்கின்படி, விமானிகளும் பிறரும் விபத்தாகாது தப்பிய தவறுகளை நம்பிக்கையோடு எழுதி அனுப்பலாம். அவற்றைப் பெறுவது, தண்டனை விதிக்கும் அதிகார பீடமன்று. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய நாசாவே. எழுதியவரின் பெயர் நீக்கப்படும். வேண்டுமென்று செய்யாத தவறாயின், தண்டனையினின்று ஓரளவு விலக்கும் உண்டு. இதுவரை பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அறிக்கைகள் அவ்வழியே குவிந்துள்ளன. செக்கனின் ஆயிரத்திலொரு கூற்றை அளக்கும் கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. கேட்பவன் வேறு, தண்டிப்பவன் வேறு எனப் பிரித்ததொன்றே போதுமாயிற்று.

ஆகவே, மறைந்த மனப்பாங்கை அளக்க முற்படுவோர் மூன்று நெறிகளை மேற்கொள்ளல் வேண்டும். அளவு தனியாள் மீதன்றிக் கூட்டத்தின் மீதே அமைதல் ஒன்று. விடை தந்தவரின் பெயர் எவ்வகையாலும் வெளிப்படாமை இரண்டு. கண்ட முடிபை முதலிற் தொழிலாளர்க்கே அறிவித்து, அதன்மேல் முகாமை யாது செய்தது என்பதையும் அவர்க்கே கணக்குக் காட்டல் மூன்று. இம்மூன்றும் இல்லாத இடத்தில், வினாக்கொத்தும் கணினியும் ஒற்றரின் வேறு உருவங்களேயாம்.

நம் நாட்டிலே 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், சுழலும் சில்லுக்கும் ஓடும் பட்டிக்கும் வேலியிடுமாறு விதித்தது. வேலி தளர்ந்திருப்பதை முதலிற் காண்பவன் அதன் அருகே நிற்பவன். கண்டதைச் சொல்லும் அவன் நாவுக்கு என்ன வேலி இட்டோம் என்பதே இனி வினவ வேண்டிய வினா. நாளை தொழிலிடங்களை ஆளப்போகின்ற மாணாக்கர் இன்று நம் முன் அமர்ந்திருக்கின்றனர். பொருட்பாலின் குறிப்பறிதலை அவர்க்குக் கற்பிக்கும்போது, அமைச்சன் அரசனைப் படித்தவாறு கூறி நிறுத்திவிடாது, ஆள்வோன் தனக்குக் கீழ்ப்பட்டோரின் மௌனத்தைப் படிக்க வேண்டிய கடமையையும் சேர்த்துக் கற்பிப்போமாக.